சின்ன வயசில் பார்த்த குடும்பப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களைச் சொல்கிறீர்கள்?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்த படங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களும் இதில் சேர்த்தி, தீபாவளிக்குத் தியேட்டரில் பார்த்த கமல் படமும் சேர்த்தி, கல்யாண வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஓட்டினார்களே, அதுவும் சேர்த்தி. மாயாபஜார் (1957), காதலிக்க நேரமில்லை (1964), திருவிளையாடல் (1965), தில்லு முல்லு (1981), அபூர்வ சகோதரர்கள் (1989), மைக்கேல் மதன காமராஜன் (1990), அஞ்சலி (1990), அவ்வை சண்முகி (1996). உங்கள் பட்டியலில் வேறு நாலு இருக்கும், பரவாயில்லை. தாத்தாவும் பார்த்தார், நாமும் பார்த்தோம், நடுவில் யாரும் சங்கடப்பட்டு எழுந்து போகவில்லை என்றால் அது குடும்பப் படம். இதற்கு மேல் இலக்கணம் எல்லாம் வேண்டாம்.

இதில் ஒன்றுகூடக் குழந்தைகள் படம் இல்லையே?

இல்லைதான். அதனால்தான் இன்றைக்கும் தாங்குகின்றன என்று நினைக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு டிவி, ஊருக்கு ஒரே ஒரு தியேட்டர் என்று இருந்த காலத்தில் ஏழு வயசுக்கு ஒரு படம், எழுபது வயசுக்கு ஒரு படம் என்று தனித்தனியாக எடுத்தால் கட்டுப்படி ஆகாது. ஒரே டிக்கெட்டில் எல்லாரையும் உட்கார வைக்க வேண்டும். அதனால் குழந்தைக்குப் புரியாத விஷயத்தைக் குழந்தை சிரிக்கிற மாதிரி எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் புரியாத பாதி இருபது வருஷம் கழித்துப் புரியும்.

சரி, அந்தப் புரியாத பாதி என்ன?

காசு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேலே சொன்ன படங்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வேஷம் போடுகிறார், அல்லது ஒருவர் இன்னொருவராக நடிக்கிறார். ஏன் நடிக்கிறார் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் பணத்தில் போய் முட்டும். வேலை வேண்டும், கடன் அடைக்க வேண்டும், பணக்கார மாமனாரைச் சமாளிக்க வேண்டும், கையாடல் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். சின்ன வயசில் நமக்கு மீசையும் புடவையும் கண்ணில் பட்டன. இப்போது, மாசக் கடைசியில் அந்தப் படத்தைப் போட்டால், அந்த மனிதர் ஏன் அந்த மீசையை ஒட்டிக்கொண்டார் என்பது கண்ணில் படுகிறது. சிரிப்பு குறைவதில்லை. இன்னும் சொன்னால் கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது நம்ம ஆள்.

ஒரு படத்தை வைத்து விளக்க முடியுமா?

தில்லு முல்லு. இந்தியில் 1979-ல் வந்த கோல்மாலை கே. பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார், வசனம் விசு. ரஜினி அதுவரை அடிதடி ஆள், முழு நீளக் காமெடி என்றால் அவருக்கு இதுதான் முதல். கதை தெரிந்ததுதான். அப்பா அம்மா இல்லாத சந்திரன், கூட ஒரு தங்கை, வேலை கிடையாது. தேங்காய் சீனிவாசன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஆனால் அவருக்கு மீசை உள்ள, பக்தியான, சினிமா, விளையாட்டு பக்கமே போகாத பையன்தான் வேண்டும். சந்திரன் அப்படியே ஒரு பையனாகப் போய் உட்கார்ந்து வேலையை வாங்கிவிடுகிறான். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவ் போட்டுவிட்டு ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போய் முதலாளி கண்ணில் படுகிறான். அது நான் இல்லை சார், என் தம்பி, பெயர் இந்திரன், அவனுக்கு மீசை கிடையாது. இல்லாத அம்மாவுக்கும் ஆள் பிடிக்க வேண்டியதாகிறது, சௌகார் ஜானகி வந்து சேர்கிறார்.

பத்து வயசில் மீசை வைத்த ரஜினியும் மீசை எடுத்த ரஜினியும் மாறி மாறி வருவதுதான் வேடிக்கை. முதல் சம்பளத்துக்காக நாலு இன்டர்வியூவுக்குப் போய்வந்த பிறகு பாருங்கள். அந்த முதல் நேர்காணல் காட்சியில் சந்திரன் சொல்கிற எதுவும் வேலைக்குச் சம்பந்தம் இல்லை, கேட்கப்படுகிற எதுவும் வேலைக்குச் சம்பந்தம் இல்லை. முதலாளிக்கு எது பிடிக்கும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வந்து அதை ஒப்பிக்கிறான். உலகத்தில் எல்லா ஆபீஸிலும் நடப்பது இதுதான், என்ன, இங்கே மீசையும் ஒரு தகுதி. தேங்காய் சீனிவாசனும் கெட்டவர் இல்லை. அதைக் கவனிக்கக் கொஞ்சம் வயசாக வேண்டும். ஒழுக்கமான பையன்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள் என்று நம்ப ஆசைப்படுகிற ஒரு பெரிய மனுஷர், அவ்வளவுதான். அவர் ஏமாறும்போது இப்போது லேசாகப் பாவமாக இருக்கிறது. சின்ன வயசில் அந்தப் பாவம் நமக்குத் தோன்றியதே இல்லை.

திருவிளையாடலில் வரும் தருமி காட்சி எத்தனை தடவை பார்த்தாலும் ஏன் சலிப்பதில்லை?

நாகேஷ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், ஆனால் காட்சியை எழுதியிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம், பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று. தீர்த்து வைத்தால் ஆயிரம் பொற்காசு. அறிவிப்பைக் கேட்டதிலிருந்து ஏழைப் புலவர் தருமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோயிலில் தனியாக நின்று சொக்கனிடம் புலம்புகிறாரே, அதைக் கொஞ்சம் ஒலியைக் குறைத்துவிட்டு முகத்தையும் கையையும் மட்டும் பாருங்கள். ஆயிரம் பொன் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் மனசுக்குள் வந்து, செலவாகி, இப்போது இன்னொருத்தன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தோள்பட்டை முதற்கொண்டு அதைச் சொல்கிறது.

அப்புறம் சபை. நக்கீரராக வருவது படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான். சிவன் எழுதிக்கொடுத்துத் தருமி கொண்டுவந்த பாட்டில் குற்றம் என்று அவர் எழுந்து நிற்கிறார். தருமிக்குக் குற்றம் என்ன என்று தெரிந்துகொள்வதில் அக்கறையே இல்லை, எவ்வளவு பிழை இருக்கிறதோ அவ்வளவு பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசுகிறார். எழுதிப் பிழைக்கிற எவருக்கும், பில் அனுப்பிவிட்டு மூணு மாசமாகக் காத்திருக்கிற எவருக்கும், அந்த வரி வயிற்றில் குத்தும். சிவனும் நக்கீரரும் தமிழுக்காகச் சண்டை போடட்டும், எனக்கு வாடகை கொடுக்க வேண்டும் என்பதுதான் தருமியின் நிலைமை. நெற்றிக்கண் வரைக்கும் போகிற அந்தப் பெரிய சண்டையை விட்டுவிட்டு ஊரெல்லாம் தருமியை ஞாபகம் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

மாயாபஜாரில் எங்கே காசு? அது மந்திரப் படம்தானே?

அதில்தான் ரொம்பப் பச்சையாக இருக்கிறது. வத்சலாவை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாகச் சின்ன வயசிலேயே பேச்சு. பாண்டவர்கள் சூதாடி நாட்டைத் தோற்றதும் பெண் வீட்டார் பேச்சை மாற்றி துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்கிறார்கள். இது நம் தெருவில் நடக்காத கதையா? சொத்து போச்சு, சம்பந்தமும் போச்சு. பெரியவர்கள் அந்தப் படத்தை ஏன் அத்தனை சுவாரசியமாகப் பார்த்தார்கள் என்று எனக்குச் சின்ன வயசில் புரிந்ததில்லை. அவர்கள் பார்த்தது லட்டு பறப்பதை இல்லை, வரன் முறிந்த கதையை.

லட்டும் குறைந்ததில்லை, அது வேறு. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்துகொண்டு திருச்சி லோகநாதன் குரலில் கல்யாண சமையல் சாதம் பாடி, பந்தியையே காலி செய்கிற காட்சி கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் 1957-ல் எடுத்தது. நிலவில் படகு போகிற பாட்டுக்கு ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி விளக்கு வெளிச்சத்திலேயே நிலாவைக் கொண்டுவந்துவிட்டார். கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுத்தார், தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ், வத்சலா இரண்டிலும் சாவித்திரி. இன்னொரு விஷயம், பலர் பத்து தடவை பார்த்தும் கவனிப்பதில்லை. பாண்டவர்கள் கதையான அந்தப் படத்தில் பாண்டவர்கள் ஐந்து பேரும் ஒரு காட்சியில்கூட வருவதில்லை.

மைக்கேல் மதன காமராஜனை மனப்பாடம் செய்த பிறகும் எப்படிப் பார்க்க முடிகிறது?

மனப்பாடம் ஆகவில்லை என்பதுதான் உண்மை. கமல் நாலு வேஷத்தில் வருகிற படம். கிரேசி மோகன் வசனத்தில் ஒரு சிரிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், தியேட்டரில் பாதி காதில் விழாது. வீட்டில் பார்க்கும்போது மிச்சம் விழும். அவர் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு நாடக மேடையிலிருந்து வந்தவர், அந்தக் கணக்கு வசனத்தில் தெரியும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் யாரோ சொன்ன ஒரு சாதாரண வார்த்தை திடீரென்று இன்னொரு கமலின் தலையில் வந்து விடியும்.

குறிப்பாகக் கல்யாணப் பந்திக் காட்சியைப் பாருங்கள். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனின் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. அதை யாருக்கும் தெரியாமல் எடுக்க வேண்டும். குழந்தைக்கு அது சாம்பாரில் மீன், அவ்வளவுதான், விழுந்து விழுந்து சிரிக்கும். பெரியவருக்கு அது ஒரு மனிதரின் பிழைப்பு முழுக்க ஒரு வாளிக்குள் மிதக்கிற காட்சி. விஷயம் வெளியே தெரிந்தால் அந்த அக்ரகாரத்தில் இனி ஒரு கல்யாணத்துக்கும் அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். கமல் முகத்தில் அந்தப் பயம் நிஜமாகவே இருக்கும், காமெடிக்கான பயம் இல்லை. டெல்லி கணேஷ் முகத்திலும்தான்.

மொத்தக் கதையும் அப்படித்தான் நகர்கிறது. பணக்கார மதனின் பி.ஏ. அவிநாசி பணத்தைக் கையாடிவிட்டார், தப்பிக்க காமேஸ்வரனை மதனாக நடிக்க வைக்கிறார். ஃபயர் சர்வீஸ் ராஜுவுக்குக் கடன், அதனால் அவரும் மதனாக நடிக்கச் சம்மதிக்கிறார். மைக்கேல் கள்ள நோட்டு ஆள். நாலு பேரும் கடைசியில் மலை விளிம்பில் ஆடுகிற ஒரே வீட்டுக்குள் போய்ச் சேர்கிறார்கள். சிங்கீதம் சீனிவாச ராவ் இதை எப்படித்தான் குழப்பம் இல்லாமல் சொன்னாரோ, இப்போது ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

வெறும் பழைய ஞாபகம்தானே இது? படம் நிஜமாகவே நல்ல படமா?

நியாயமான கேள்வி. பழைய ஞாபகம் மட்டும் போதும் என்றால் அந்தக் காலத்தில் பார்த்த எல்லாப் படமும் இன்றைக்கும் பிடிக்க வேண்டும். பிடிப்பதில்லையே. பாம்பு பால் குடிக்கிற படங்களும் குரங்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற படங்களும் அப்போது நமக்கு உயிர், இப்போது இருபது நிமிஷம் தாண்டுவதில்லை. ஞாபகம் நம்மை டிவி முன்னால் உட்கார வைக்கும். கடைசிவரை உட்கார வைப்பது படத்தின் வேலை.

சின்ன வயசில் சிரித்த படம் இப்போது அழ வைக்கிறதே?

அபூர்வ சகோதரர்களைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதை எல்லாரும் சர்க்கஸ் படமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் அது வரிசையாகக் கொலை நடக்கிற பழிவாங்கும் கதை. ஜனகராஜ் இன்ஸ்பெக்டராக வந்து அதை மூடி மறைத்துவிடுகிறார், பெரிய சாமர்த்தியம். ஆனால் இப்போது தொண்டையை அடைக்கிற இடம் கொலை இல்லை. சர்க்கஸ் முதலாளியின் மகள் தன்னைக் காதலிக்கிறாள் என்று அப்பு, அதாவது குள்ளமான கமல், நினைத்துக்கொண்டிருப்பான். அவள் வேறு ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள், சாட்சிக்குத்தான் அவனைக் கூப்பிட்டாள் என்று தெரியவரும். அந்த நேரத்தில் அவன் யார் மேலும் கோபப்படாமல் தன்னையே பார்த்துக்கொள்வான். எட்டு வயசில் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருப்போம்.

அஞ்சலியை இப்போது பார்க்கலாமா?

குழந்தை பெற்றவராக இருந்தால் தனியாகப் பார்க்க வேண்டாம், யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தப் படத்தில் பாதிக் கதை அபார்ட்மென்ட் பிள்ளைகளின் அட்டகாசம். இளையராஜாவுக்கு 500-வது படம், பாட்டெல்லாம் துள்ளும், நமக்கு அந்தப் பாதிதான் ஞாபகம். மீதிப் பாதியில் ரகுவரன் இருக்கிறார். பிறந்த குழந்தை பிழைக்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், மனைவியிடம் குழந்தை இறந்தே பிறந்தது என்று சொல்லிவிட்டு இரண்டு வருஷம் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு ஆபீஸ் போய்வருகிறார். வீட்டில் அவர் சிரித்துப் பேசுகிற ஆரம்பக் காட்சிகள் எல்லாம், இரண்டாவது தடவை பார்க்கும்போது, வேறு காட்சிகளாக மாறிவிடும். குழந்தைகளின் பார்வையில் சொல்கிற கதை என்பதால் சின்ன வயசில் அப்பாமேல் நமக்கும் சந்தேகம்தான், ராத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறாரே என்று. மணிரத்னம் பெரியவர்களுக்கான படத்தைப் பிள்ளைகள் உயரத்திலிருந்து எடுத்துவிட்டார். இங்கே பொய்க்குக் காரணம் காசு அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிற விஷயம் எதுவும் இல்லையா?

நிறைய இருக்கிறது, பூசி மெழுக வேண்டாம். நிறத்தைக் கேலி செய்வது, உடம்பைக் கேலி செய்வது, பெண் வேஷம் போட்ட ஆளைத் துரத்துவதே நகைச்சுவை என்று நினைப்பது, மனைவி அடங்கினால் சுபம் என்று முடிப்பது, எல்லாம் அந்தப் படங்களில் உண்டு. அவ்வை சண்முகியில் வீட்டு ஓனர் மணிவண்ணன், சண்முகி மாமியாக வேஷம் போட்ட கமல் பின்னால் அலைவது சில இடங்களில் நீளம். அதே படத்தில் தோல் வியாபாரம் செய்துகொண்டு ஆசாரம் பேசுகிற ஜெமினி கணேசனும், சமையல் வேலைக்காக ஊமைப் பிராமணராக நடிக்கிற நாசரின் பாஷாவும் இருக்கிறார்கள். அந்தக் கிண்டல் இன்றைக்கு எடுத்தால் வெளியே வருமா என்று சந்தேகம்தான். அப்புறம், அந்தப் படம் ஆரம்பிப்பதே விவாகரத்துக் கோர்ட்டில். சினிமாவில் டான்ஸ் அசிஸ்டெண்டாக இருக்கிற மாப்பிள்ளை, பணக்கார மாமனார், குழந்தை யாரிடம் என்ற வழக்கு. மகளைத் தினமும் பார்ப்பதற்காக அப்பா ஆயா வேலைக்குச் சேர்கிறார். பிரிந்த வீட்டில் வளர்ந்த ஒரு நண்பனுக்குப் பள்ளி நாட்களில் அந்தப் படம் என்னவாக இருந்திருக்கும் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தேன்.

பாதிக்கு மேல் இந்தி, இங்கிலீஷ் படங்களின் தழுவல்தானே?

பாதிக்கு மேல் இல்லை, சிலது அப்படித்தான். அவ்வை சண்முகிக்குப் பின்னால் மிஸஸ் டவுட்ஃபயர் (1993) இருக்கிறது, குட்டி பத்மினி இரட்டை வேஷத்தில் வந்த குழந்தையும் தெய்வமும் (1965) படத்துக்குப் பின்னால் டிஸ்னியின் பேரண்ட் ட்ராப் (1961) இருக்கிறது. ஆனால் மடிசார் கட்டி, மாமிப் பேச்சு பேசி, முதலியார் வீட்டில் குடியிருக்கிற ஆளாக அது மாறிய பிறகு மூலத்தைத் தேட நமக்குத் தோன்றுவதில்லை.

குழந்தைகளுக்கென்றே எடுத்த படங்கள் இல்லையா?

உண்டு. ராஜா சின்ன ரோஜாவில் (1989) ரஜினி கார்ட்டூன் மிருகங்களோடு பாடி ஆடியது அப்போது பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. மலையாளத்தில் நவோதயா எடுத்த மை டியர் குட்டிச்சாத்தான் (1984) இந்தியாவின் முதல் 3டி படம், பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கிற பாட்டுக்காக அறை மாதிரி ஒரு செட் போட்டு அதை அப்படியே சுழற்றினார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு கையை நீட்டாத பிள்ளையே கிடையாது. அதிலும் பாருங்கள், கதையில் வரும் பெண் குழந்தையின் அப்பா ஒரு குடிகாரர். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் மிஞ்சுவது அந்த வீடுதான்.

யூடியூபில் காமெடித் துண்டுகளாகப் பார்த்தால் போதாதா?

போதாது. காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்கிற காட்சியை எல்லாரும் துண்டாகத்தான் பார்த்திருக்கிறோம், தனியாகவே அது பிரமாதம்தான். ஆனால் அதற்கு முன்னால் நாகேஷ் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் ஆரம்பித்து அப்பாவிடம் பணம் கேட்டு நச்சரித்ததையெல்லாம் பார்த்துவிட்டு வந்தால், இது கதை சொல்வது இல்லை, முதலீடு கேட்பது என்று தெரியும். பாலையா பயப்படுவது பேய்க்கு. பேய் போனதும் அவர் பயப்படப்போவது செலவுக்கு.

பிள்ளைகளுக்குக் காட்ட எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கறுப்பு வெள்ளையில் ஆரம்பிக்காதீர்கள், நல்லெண்ணத்தோடு செய்தாலும் ஓடிவிடுவார்கள். மைக்கேல் மதன காமராஜன் முதலில், தில்லு முல்லு அடுத்தது. மாயாபஜாருக்கு அந்தச் சாப்பாட்டுக் காட்சியை மட்டும் முதலில் காட்டுங்கள், முழுப்படத்தை அவர்களே கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இப்போ பாரு, இப்போ பாரு என்று சொல்லாமல் இருப்பது ரொம்ப முக்கியம். நானும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அப்படிப் படங்கள் வருவதே இல்லையா?

வருகின்றன, குறைவாக. பாண்டிராஜின் பசங்க (2009) புதுக்கோட்டைப் பக்கத்து ஊரில் இரண்டு பையன்களின் சண்டையாக ஆரம்பித்து அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் சண்டையில் போய் நிற்கும். மணிகண்டனின் காக்கா முட்டை (2015) இன்னும் நேரடி. ரயில் பாதையில் கரி பொறுக்கி விற்கிற இரண்டு சிறுவர்கள் பீட்சா வாங்கக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்துவிடுகிறது, கடைக்குள் விடமாட்டேன் என்கிறார்கள். அப்போது புது உடுப்பு வேண்டும், அதற்குக் காசு வேண்டும். தருமிக்கும் சந்திரனுக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள்தான் அந்த இரண்டு பேரும்.

பழைய படங்களுக்கு நல்ல பிரதி கிடைக்குமா?

படத்தைப் பொறுத்தது. திருவிளையாடலை 2012-ல் டிஜிட்டலில் சுத்தம் செய்து மறுபடியும் தியேட்டரில் வெளியிட்டார்கள். மாயாபஜாருக்கு வண்ணம் தீட்டி 2010-ல் வெளியிட்டது தெலுங்குப் பதிப்பை. தமிழுக்குக் கறுப்பு வெள்ளைதான், எனக்கு அதில் வருத்தம் இல்லை. இணையத்தில் கிடைக்கிற சில பிரதிகளில் பாட்டுகளை வெட்டியிருப்பார்கள். மாயாபஜார் என்றால் முதலில் சாப்பாட்டுப் பாட்டு இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.